சொன்னவுடன் நிற்கும் குரல்

புதிதாக வேலைக்குச் சேரும் பார்வையற்ற பிள்ளைகள் சிலர் என் எண்ணை யாரிடமோ வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களில் எது நல்லது, எதைக் கேட்டு வாங்குவது? நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். மென்பொருள்களை ஒப்பிட்டுச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்பது மட்டும் தெரியும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல நீண்டுபோகிறது. கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அய்யாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனார்கள். சின்ன வயதில் அம்மை வந்து எனக்குப் பார்வை போனது. 1974-ல் மதுரையில் பார்வையற்றோர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, தட்டச்சும் தொலைபேசி இயக்கும் பயிற்சியும் முடித்தேன். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில் ஆபரேட்டராக வேலை கிடைத்தது. அங்கேயே இருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனபோது 2009-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

நான் இயல்பில் யாரிடமும் பேசாதவள். சாப்பாட்டு அறையில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். ஆனால் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் போர்டின் முன் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். தேவிபட்டினத்தில் திதி கொடுக்க வந்த இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பதறுகிற மகனிடமும், பேரன் பிறந்தானா பேத்தி பிறந்தாளா என்று கேட்கிற கிழவனிடமும் நான் நன்றாகவே பேசுவேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவர்களைப் பார்க்கவில்லை. அதில் ஒரு சமத்துவம் இருந்தது.

நிர்வாக அதிகாரி ராமச்சந்திரன் சார் பட்டாளத்தில் எழுத்தராக இருந்து வந்தவர். என் அறைக்குள் வரும்போது, "ராமச்சந்திரன் வந்திருக்கேன்மா" என்பார். போகும்போது, "ராமச்சந்திரன் போறேன்மா" என்பார். பார்வையற்ற ஒருவரின் அறையில் சத்தமில்லாமல் நிற்பதும் சொல்லாமல் போவதும் மரியாதை இல்லை என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். இடையில் நம் பதிலை அவரே சொல்லி முடிக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒரு முறை சொன்னதை யாரும் மறுமுறை சொல்ல வைத்ததும் இல்லை.

போர்டுக்கு அவர் வகுத்த விதிகளில் முக்கியமானது சாவுச் செய்தி பற்றியது. உறவுக்காரர்கள் வெளியூரிலிருந்து கூப்பிட்டு நோயாளியை விசாரிப்பார்கள். நான் அவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு உள் இணைப்பில் வார்டுக்குப் பேசுவேன். நோயாளி இறந்திருந்தால் அதை நான் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. முதலில், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரியவர் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், "டாக்டர் உங்ககிட்ட நேர்ல பேசணும்ங்கிறாங்க, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி, அவர்கள் வைத்த பிறகுதான் நான் வைக்க வேண்டும். பலர் அதிலேயே புரிந்துகொள்வார்கள். புரிந்தும் புரியாத மாதிரி, "சரிம்மா, வாரோம்" என்பார்கள். அந்த இடைவெளியை அவர்களுக்குக் கொடுப்பதுதான் நம் வேலை என்று சார் சொல்லியிருந்தார்.

பிறகு மருத்துவமனைக்குத் தானியங்கி போர்டு வந்தது. அறைக்கு அறை நேரே சுழற்றிக்கொள்ளலாம். இணைத்துவிட ஆள் தேவையில்லை. நோயாளிகளின் பட்டியலும் கணினிக்குப் போனது. விசாரணைக்குக் கூப்பிடுகிறவர்களைக் காக்க வைக்காமல், ஆபரேட்டரே பட்டியலைப் பார்த்து உடனே சொல்ல வேண்டும் என்றது நிர்வாகம். சார் என்னிடம் நேராகவே பேசினார். திரையை வாசிக்கும் மென்பொருளைக் கொண்டு என்னால் இதைச் செய்ய முடிந்தால் போர்டில் இருக்கலாம். முடியாவிட்டால் துணிப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். சம்பளம் குறையாது. துணிப் பிரிவு என்றால் காயத்துக்குக் கட்டும் துணியை மடிப்பது, சுருட்டுவது.

சென்னையிலிருந்து விற்பனையாளர்கள் வந்து ஒரு மென்பொருளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெண் குரல். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற மாதிரி என்று அலுவலகமே கூடி நின்று கேட்டது. ஆங்கிலத்தில்தான் வாசிக்கும். நம் ஊர்ப் பேர்களை வெள்ளைக்காரி சொல்கிற மாதிரி சொல்லும். சார் எனக்காகத்தான் அதை முடிவு செய்தார். நாள் முழுக்கக் காதில் விழப்போவது நல்ல குரலாக இருக்கட்டும் என்றார். உண்மையில் எனக்கும் அது பிடித்தது.

மதுரையில் ஒரு வங்கியில் ஆபரேட்டராக இருந்த கற்பகம் என்னோடு பள்ளியில் படித்தவள். எனக்கு முன்பே கணினிக்குப் பழகியவள். அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏண்டி ஈஸ்வரி, ஒனக்குச் சினிமாக்காரி குரல் கேக்குதோ?" என்றாள். "எங்கிட்ட இருக்கிறது தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கும். அது ஓட ஆரம்பிச்சா எம் புருசன் சட்டைய மாட்டிட்டு வெளிய போயிருவாரு."

"பெறகு எப்படி நாள் பூரா அதக் கேக்குற?"

"அத எங்கன நான் கேக்குறேன்? அது சொல்றதத்தான் கேக்குறேன்."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அவளிடம் வசதி இல்லை, அதனால் கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

கணினியின் குரல் வெளியே கேட்கும்படி மேசையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். நான் சரியாகச் செய்கிறேனா என்று பழகும்வரை மற்றவர்களும் கேட்க வேண்டும் அல்லவா. முதல் சில நாட்கள் எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. பேரைத் தட்டியதும் அந்தப் பெண் குரல் பேசும். நான் உடனே, "சொல்லுங்கம்மா" என்று அதற்குப் பதில் சொல்லிவிடுவேன். மனிதக் குரல் காதில் விழுந்தால் பதில் சொல்லியே பழகியவள் நான். அலுவலகத்தில் சிரித்தார்கள். "ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிறீக, நடுவுல போன் பண்றவந்தான் தொந்தரவு" என்று தட்டச்சர் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். குரல் மனிதக் குரல் மாதிரி இருப்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் வாலிநோக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கடையில் இருக்கும் காசு போட்டுப் பேசும் போன். பின்னால் கடைக்காரர் சாமான் நிறுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

அவர் கணவர் முனியசாமி உப்பளத்தில் மயங்கி விழுந்து எங்களிடம் சேர்க்கப்பட்டிருந்தார். கணவரின் தம்பியைத் துணைக்கு வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவர ஊருக்குப் போயிருக்கிறார். இப்போது கிளம்பப்போகிறார். கஞ்சி கொண்டுவரலாமா, வேறு ஏதாவது கொடுக்கச் சொன்னார்களா என்று கேட்டார்.

பேரைத் தட்டி அழுத்தினேன். அந்த மென்பொருள் வரியை முழுதாக எடுத்து வாசிக்கும். பேர், ஆண், பொது வார்டு என்று சொல்லிக்கொண்டே வந்து, "எக்ஸ்பயர்டு" என்றது. சொல்லின் முதல் எழுத்திலேயே என் விரல் நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டது. குரல் நிற்கவில்லை. எங்கள் கணினி பழையது. அந்த நல்ல குரலை உருவாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் எடுத்த வரியை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பிறகுதான் நம் பொத்தானைக் கவனிக்கும். வரியை முடித்து, இறந்த நேரத்தையும் சொல்லிவிட்டு நின்றது. தெளிவாகவும் இனிமையாகவும் சொன்னது.

"பக்கத்துல ஒரு அம்மா என்னமோ சொல்றாகளே, எக்ஸ்பயர்னு. அப்படின்னா என்னம்மா?" என்றார் அந்தப் பெண்.

கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பி அதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. தராசுச் சத்தம் நின்றது. பிறகு, "ஆத்தா, நீ மொதல்ல உக்காரு" என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு கேட்டதை எழுத வேண்டியதில்லை. அவர்கள் வைக்கும்வரை நான் வைக்கவில்லை. போனை யாரும் வைக்கவே இல்லை. காசு தீர்ந்துதான் இணைப்பு அறுந்தது.

அன்றே முனியசாமியின் தம்பி அலுவலகத்தில் வந்து சத்தம் போட்டார். யாரோ ஒரு பெண் மைக்கில் அறிவிக்கிற மாதிரி அறிவித்திருக்கிறாள், அவள் யார் என்று கேட்டார். சார் அவரை அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்தார். வந்திருப்பதைச் சொன்னார். நடந்ததைக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒன் மேல தப்பில்லம்மா. குரலைப் பாத்து வாங்கிக் கொடுத்தது நான்," என்றார். "ஆனா இன்னொரு தடவை நடந்தா என்னால யாருக்கும் பதில் சொல்ல முடியாது." மறுநாள் முதல் விசாரணைக்கு அலுவலகத்திலேயே பார்வையுள்ள ஒருவரைப் போட்டார்கள். நான் துணிப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வேலை கடினமும் இல்லை. துணியை விரித்து, பிசிறை உள்ளே தள்ளி, மடித்து அடுக்க வேண்டும். கூட இருந்த பெண்கள் அன்பானவர்கள். "டெலிபோன் அம்மா, நீங்க அலோ சொல்லிட்டுத்தான் மடிப்பீகளோ?" என்று கேலி செய்வார்கள். நான் சிரிப்பேன், அவ்வளவுதான். காலையில் உட்கார்ந்தால் மாலையில் எழுந்திருக்கும்வரை வாயைத் திறக்காமல் ஒரு நாள் போய்விடும். அடுத்த நாளும் போகும். ஓய்வு பெறும்வரை இப்படியே போகும் என்பதும் தெரிந்தது. நான் பேசக்கூடிய ஒரே இடம் அந்தப் போர்டு. வேறு இடத்தில் பேச எனக்குத் தெரியாது. இதைச் சாரிடம் போய்ச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அந்தப் பெண் மருத்துவமனைக்கு வந்தார். பேர் ராக்கம்மாள். இறப்புச் சான்றிதழுக்கான தாள்களை வாங்க வந்தவர், சாரைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அன்று போனில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இரண்டாவது ஆளைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றாராம். சார் என்னைத் துணிப் பிரிவிலிருந்து அழைத்துவரச் சொன்னார்.

பழைய அறையில் மூவரும் இருந்தோம். "நீங்கதான் மொதல்ல பேசுனவுகளா?" என்றார் ராக்கம்மாள். ஆமாம் என்றேன். "இன்னொருத்தி எங்க?"

நான் கணினியைப் போட்டேன். நோயாளிகளின் பட்டியல் பக்கமே போகவில்லை. மருத்துவர்களின் பேர்கள் இருந்த பக்கத்தைத் திறந்து வாசிக்கவிட்டேன். அந்தக் குரல் எழுந்தது. ராக்கம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"நிப்பாட்டுங்க," என்றார்.

அமுக்கினேன். அது வரியை முடித்துவிட்டு நின்றது.

"சொன்னாக் கேக்காதா இது?"

"நீங்க சொன்ன ஒடனே அமுக்கிட்டேன்மா. எடுத்ததை முடிச்சிட்டுத்தான் நிக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மனுசின்னு நெனச்சேன்," என்றார். "பஸ்ஸுல வரும்போது பூரா அவளை என்னென்ன ஏசணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். இதைப் போயி என்னத்த ஏச?"

பிறகு அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அது சொல்லலைன்னா, அன்னைக்கு நீங்க என்ன சொல்லிருப்பீக?"

சொன்னேன். டாக்டர் நேரில் பேச வேண்டுமாம், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றேன்.

அவர் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. "அப்படிச் சொல்லிருந்தா கஞ்சியத் தூக்கிட்டு பஸ் ஏறிருப்பேன்," என்றார். "இங்கன வந்து சேர்ற வரைக்கும் அவரு உசுரோட இருந்திருப்பாரு."

ராக்கம்மாளை வாசல்வரை அனுப்பிவிட்டு சார் திரும்பி வந்தார். நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். அவர் வழக்கப்படி காத்திருந்தார். நேருக்கு நேராக ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். கேட்டால் இயந்திரம் என்று யாருக்கும் தெரிகிற குரல் வேண்டும் என்றேன். அது என் ஒரு காதுக்கு மட்டும் கேட்க வேண்டும், மறு காதில் போன் இருக்கும். வரி முழுவதையும் அதுவாக வாசிக்கக் கூடாது. பேர், வார்டு, நிலை என்று ஒவ்வொரு கட்டமாக நான் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அமுக்கினால் சொல்லின் நடுவில் அறுந்து நிற்க வேண்டும்.

"இதிலேயே குரலை மாத்த முடியாதா?" என்றார்.

முடியும். துணிப் பிரிவுக்குப் போகும் முன் மாற்றிப் பார்த்திருந்தேன். வேறு குரல் சீக்கிரம் நின்றது. ஆனால் எங்கள் மருத்துவமனையின் பட்டியலுக்குள் கட்டம் கட்டமாகப் போக அந்த மென்பொருள் வழிவிடவில்லை. வேறொருவர் அலுவலகத்தில் அது நன்றாகவே வேலை செய்யக்கூடும். கற்பகத்திடம் இருப்பதை வாங்கிப் பார்க்கிறேன் என்றேன். சார் சரி என்றார். ஆனால் போர்டில் உட்காருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கற்பகம் தன்னிடம் இருந்த மென்பொருளைக் கிடைக்கச் செய்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். அதற்குக் காசு கட்ட வேண்டியிருக்கவில்லை. துணிப் பிரிவு வேலை முடிந்ததும் பழைய அறைக் கணினியில் உட்கார்ந்து பழகினேன். குரல் அவள் சொன்னதைவிட மோசம். முதலில் தலை வலித்தது. பிறகு ஒரு நாள், குரல் எப்படி இருக்கிறது என்பதையே நான் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பதில் சொல்ல ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அது வேகமாக ஓடும்போது மறு காதில் போனில் பேசும் கற்பகத்தின் குரல் தனியாகத் தெளிவாக நின்றது. ஒரு பக்கம் மனிதர், ஒரு பக்கம் இயந்திரம். குழப்பமே இல்லை.

என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். போட்டுக் காட்டும்போது எல்லோரும் அது பேசுவதைக் கேட்பார்கள். நீங்கள் அது நிற்பதைக் கேளுங்கள். நீளமான ஒரு வரியைப் பேசவிட்டு, நடுவில் அமுக்கிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் உண்மையில் புழங்கும் பட்டியலில், உங்கள் மேசையில் இருக்கும் அதே கணினியில் போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் புதுக் கணினியில் எல்லாமே நன்றாக இருக்கும்.

நான் பழகி முடித்ததும் சாரும் அந்த அறைக்கு வந்து அமுக்கிப் பார்த்தார். குரலைக் கேட்டுவிட்டு, "இதை எப்படிம்மா தாங்குற?" என்றார். பழகிவிட்டது என்றேன். "சரி. ராமச்சந்திரன் போறேன்மா," என்று போய்விட்டார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. எடுத்து மருத்துவமனையின் பேரைச் சொன்னேன்.

"ராமச்சந்திரன்னு ஒருத்தர் அங்க சேந்திருக்காரு. எப்படி இருக்காருன்னு தெரியணும்," என்றது குரல். சார்தான். அவருடைய குரலை நான் அறியாமல் இருப்பேனா? ஆனால் அவர் வெளியாள் மாதிரிப் பேசினார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பேரைத் தட்டினேன். இருந்தது. முழுப் பேர், வயது, ஊர், எல்லாம் அவருடையது. வார்டு, பொது. அடுத்த கட்டத்துக்குப் போனேன். தகரக் குரல் "எக்ஸ்" என்றது. அமுக்கினேன். அங்கேயே அறுந்தது. சோதிக்க வேறு எந்த மனிதரின் பேரையும் அந்தக் கட்டத்தில் போட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?" என்றார் சார்.

"இருக்கேங்கய்யா. உங்க கூட யாராவது இருக்காங்களா?"

"இல்ல. தனியாத்தான் இருக்கேன்."

"டாக்டர் உங்ககிட்ட நேர்ல பேசணும்ங்கிறாங்க. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

நான் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. வழக்கமாக அவர்தான் காத்திருப்பார். இந்த முறை நான் காத்திருந்தேன்.

"சரிம்மா, வாரேன்," என்றார். வைத்தார். பிறகு நான் வைத்தேன்.

வராந்தாவில் இரண்டு பேர் நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "ராமச்சந்திரன் வந்திருக்கேன்மா. கூட நம்ம கணக்கரு வந்திருக்காரு," என்றார். எதற்குக் கூட்டி வந்தார் என்று தெரியாமல் கணக்கர், "என்ன சார், என்ன விசயம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாளைலருந்து போர்டுல உக்காரும்மா," என்றார் சார் என்னிடம். பிறகு கணக்கரிடம் திரும்பினார். "நீங்க போயி மொதல்ல அந்தப் பட்டியல்லருந்து எம் பேரை எடுக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரி இங்கன போன் பண்ற நேரம்."